கென்யாவின் புல்வெளியில் வனவிலங்குக் காப்பகமும் விடுதியும் அமைப்பது எப்படி

கென்யாவின் வனவிலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்காக்களுக்கு வெளியே, மாசாய், சம்புரு முதலிய மேய்ச்சல் சமூகங்களின் நிலங்களிலும் தனியார் பண்ணைகளிலும் நடமாடுகின்றன. 1977இல் அந்நாடு வேட்டையை அடியோடு தடை செய்தது. ஆயினும் அந்த ஆண்டு தொடங்கி 2016 வரை மேய்ச்சல் நிலங்களில் விலங்குகளின் எண்ணிக்கை சராசரியாக 68 விழுக்காடு சரிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். வேலிகளும் கோதுமை வயல்களும் புதிய குடியிருப்புகளும் புல்வெளியைத் துண்டாடியதே இந்தச் சரிவுக்குப் பெருங்காரணம். எனவே கிராமப்புறத்தில் ஒரு காப்பகம் அமைக்க முனைபவரின் முதல் வேலை, இன்னும் துண்டாடப்படாமல் இருக்கும் நிலத்தை அதன் உரிமையாளர்களின் முழு மனத்தோடு ஒன்றாக வைத்திருப்பதுதான். அப்படி ஒன்றாக வைக்கப்படும் நிலத்தைக் கென்யாவில் கன்சர்வன்சி என்கிறார்கள். இக்கட்டுரையிலும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

பெரும்பாலோர் விடுதியின் வரைபடத்தோடு தொடங்குகிறார்கள். ஆற்றங்கரையில் பத்துக் கூடாரங்கள், ஒரு நீச்சல்குளம், மாலையில் தீ மூட்டி அமர ஒரு மேடை என்று திட்டமிட்டு முடித்த பிறகே நிலத்துக்காரர்களைத் தேடிப் போகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் மக்கள், பிறகு நிலம், பிறகு நீர், பிறகு விலங்குகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் விடுதி. இவ்வரிசையில் முதல் படியை முடிக்கவே ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அந்தக் காலத்தை வீண் என்று எண்ணுபவர் இந்த முயற்சியில் இறங்காமல் இருப்பது நல்லது.

சட்டமும் சம்மதமும்

2013ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கன்சர்வன்சியை ஒரு முறையான நிலப் பயன்பாடாக ஏற்றுக்கொண்டது. தனிநபரோ, சில உரிமையாளர்கள் சேர்ந்தோ, ஒரு சமூகமோ மேலாண்மைத் திட்டம் ஒன்றை வகுத்து அதைப் பதிவு செய்யலாம். வெளிநாட்டவர் ஒருவர் அங்கே நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவர்களுக்குக் குத்தகை உரிமையை மட்டும், அதுவும் 99 ஆண்டுகளுக்கு மேற்படாமல், அனுமதிக்கிறது. விவசாய நிலம் என்றால் நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகளும் குறுக்கே வரும் என்பதால், உள்ளூர் நிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைத் தொடக்கத்திலேயே அமர்த்திக்கொள்ள வேண்டும். தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மை ஆணையமான நீமாவிடம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு ஒப்புதல், ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர்வள ஆணையத்தின் அனுமதி, விடுதிக்குச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம், மாவட்ட அரசின் கட்டட அனுமதி ஆகியவையும் தேவை. இவை வெறும் தாள் வேலைகள்; பொறுமையும் முறையான ஆவணங்களும் இருந்தால் முடிந்துவிடும்.

சம்மதம் பெறுவது அவ்வளவு எளிதன்று. நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைப் பொறுத்து அதன் முறையும் மாறும். தென்மேற்கே மாசாய் மாரா தேசியக் காப்பகத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் முன்பு பொதுவாக இருந்த குழுப் பண்ணைகள் பிரிக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று பட்டா வழங்கப்பட்டுவிட்டது. அங்கே 2006இல் ஓலாரே ஓரோக் கன்சர்வன்சியும், 2010இல் 50,000 ஏக்கர் பரப்பில் மாரா நபோய்ஷோ கன்சர்வன்சியும் உருவாயின. நபோய்ஷோவில் மட்டும் 500க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் தத்தம் துண்டுகளை வேலியின்றி இணைத்துக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் நான்கு துண்டுகளின் உரிமையாளர்கள் சேர மறுத்து வேலி போட்டால் விலங்குகளின் பாதை அங்கேயே அறுந்துபோகும் என்பதால், ஒவ்வொருவரின் ஒப்புதலும் இங்கே முக்கியம். திருமணமானவர் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது துணைவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் சட்டப்படி வேண்டும். இதை ஒரு சடங்காகக் கருதாமல், பெண்களைத் தனியாகக் கூட்டி, விறகும் தண்ணீரும் எங்கிருந்து எடுக்கிறார்கள், கன்றுகளை எங்கே மேய்க்கிறார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டு, அந்த உரிமைகளை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

வடக்கே சம்புரு, இசியோலோ பகுதிகளில் நிலம் பெரும்பாலும் சமூகத்துக்குப் பொதுவானது. 2016ஆம் ஆண்டின் சமூக நிலச் சட்டம் முதலில் அச்சமூகம் தன்னைப் பதிவு செய்துகொண்டு, பொதுக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. சில தலைவர்களின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு தீர்ப்பே சான்றாக இருக்கிறது. இசியோலோவின் இரண்டு கன்சர்வன்சிகள் மக்களிடம் உரிய முறையில் கலந்தாலோசிக்காமல் அமைக்கப்பட்டவை என்று கூறி, அவை சட்டத்துக்குப் புறம்பானவை என 2025 ஜனவரியில் நீதிமன்றம் அறிவித்தது.

குத்தகைப் பணம்

மாராவில் நிலைத்து நின்ற ஏற்பாடு, ஏக்கருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்ட தொகை, பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வோர் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கோ, எம்-பேசா என்னும் கைபேசிப் பணக் கணக்குக்கோ நேரடியாகச் செல்வதாகும். இடையில் எவர் கையிலும் பணம் தங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். நமீபியா வேறொரு வழியைக் காட்டியது. அங்கே 1996ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பொதுநிலத்தில் வாழும் சமூகங்களுக்கு வனவிலங்குகளின் மீது உரிமை தந்தது. தோர்ரா சமூகம், டமாராலாந்து முகாமை நடத்திய நிறுவனத்தோடு விடுதி வருமானத்தில் பத்து விழுக்காடு என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. வருமானப் பங்கு நல்ல ஆண்டுகளில் இனிக்கும், கெட்ட ஆண்டுகளில் வெறுங்கை. மாடு விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஒரு குடும்பத்தால் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாது. ஆகவே மாறாத அடிப்படைத் தொகை ஒன்றையும், அதற்கு மேல் ஒவ்வொரு பயணியின் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கன்சர்வன்சிக் கட்டணத்தையும் சேர்த்துத் தருவதே நியாயம் என்று கருதுகிறேன்.

2020இல் விமானங்கள் நின்றபோது பயணிகளை மட்டுமே நம்பியிருந்த கன்சர்வன்சிகளில் குத்தகை கொடுப்பதே திண்டாட்டமாயிற்று. ஓர் ஆண்டுக் குத்தகையையும் காவலர் சம்பளத்தையும் தனிக் கணக்கில் வைத்த பிறகே விடுதிக்குக் கடைக்கால் தோண்ட வேண்டும். முதலீட்டுத் திட்டத்தில் அந்தத் தொகைக்கு இடமில்லை என்றால் கூடாரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். சேமிப்பைக் குறைக்கக் கூடாது.

மாடுகளுக்கும் இடம்

மாடுகளை வெளியேற்றிவிட்டுக் காப்பகம் அமைக்க நினைப்பவர்கள் மேய்ச்சல் சமூகத்தின் வாழ்க்கையையும் புரிந்துகொள்ளவில்லை, புல்லையும் புரிந்துகொள்ளவில்லை. மேய்க்கப்படாத புல் முற்றித் தடித்துப்போனால் இம்பாலா மானும் தாம்சன் மானும் அதை விரும்புவதில்லை. அளவுக்கு மீறி மேய்த்தாலோ மண் வெளுத்துப்போகும். நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்த மாதத்தில் எந்தப் பகுதியில் எத்தனை மாடுகள் என்பதை உரிமையாளர்களின் குழுவே முடிவு செய்து, வறட்சிக்கென ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருப்பதே நடைமுறையில் பலன் தந்த வழி. நடுக் கென்யாவின் லைக்கிபியா பகுதியில் இரவு நேரத்தில் மாடுகளை அடைக்கும் பட்டியைக் கழற்றி மாட்டக்கூடிய உலோகத் தட்டிகளால் செய்து, சில நாள்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறார்கள். நம் ஊரில் வயலில் கிடை போடுவதைப் போன்றதே இதுவும்: வெற்றுத் தரையாகக் கிடந்த இடத்தில் சாணமும் குளம்பு மிதித்த மண்ணும் கலந்து, அடுத்த மழைக்குப் பின் அங்கே புல் முளைக்கிறது, அந்தத் தளிர்ப்புல்லைத் தேடி வரிக்குதிரைகள் வருகின்றன.

உலோகத் தட்டியால் இன்னொரு நன்மையும் உண்டு. முள்வேலிப் பட்டிக்கு வெளியே சிங்கம் உறுமினால் மாடுகள் மிரண்டு வேலியை உடைத்துக்கொண்டு வெளியே ஓடி அதன் வாயிலேயே விழும். வெளியே பார்க்க முடியாதபடி மறைக்கப்பட்ட உறுதியான தட்டியில் அது நடப்பது அரிது. மாட்டை இழந்தவர் சிங்கத்துக்கு நஞ்சு வைத்தால், அந்தச் சடலத்தைத் தின்னும் கழுகுகளும் கழுதைப்புலிகளும் சேர்ந்தே மடியும். அதனால் விடுதிக்குச் செலவழிக்கும் முன் சுற்றியுள்ள குடும்பங்களின் பட்டிகளைப் பலப்படுத்தச் செலவழியுங்கள். மேய்ப்பவர்களின் அறிவையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வில்டபீஸ்ட் என்னும் பெரிய மானினம் கன்று ஈனும் காலத்தில் அந்தக் கன்றுகளிடமிருந்து மாடுகளுக்கு உயிர்க்கொல்லியான காய்ச்சல் ஒன்று தொற்றும் என்பதை மாசாய் மக்கள் தலைமுறைகளாக அறிந்து, அந்த மாதங்களில் மந்தையை விலக்கி ஓட்டிச் செல்கிறார்கள். மேய்ச்சல் அட்டவணை அதற்கு இடம் தர வேண்டும். ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் உங்கள் பொறுப்பே. 1994இல் அண்டை நாடான தான்சானியாவின் செரெங்கெட்டியில் பரவிய நாய்க் கொள்ளைநோய் அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது.

நீர்

நிலத்தை மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் நடந்தே பார்க்க வேண்டும். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழை. கோடையில் இறுகி வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், மழை விழுந்ததும் நான்கு சக்கர விசை கொண்ட வண்டியையும் அச்சு வரை விழுங்கும். சீழ்க்கை முள்மரம் அடர்ந்திருக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் இந்தக் கரிசல்தான். சாலையையும் விடுதியையும் அதிலிருந்து விலக்கி, செம்மண் அல்லது பாறைத் திட்டு பார்த்து அமைக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு தோண்டியதும் நீரைச் சோதனைக்கு அனுப்பாமல் ஒரு விலங்கையும் அந்த நீரை நம்பி விடக்கூடாது. 2018இல் நைரோபி, நகுரு பூங்காக்களிலிருந்து 11 கறுப்புக் காண்டாமிருகங்கள் கிழக்கு சாவோ தேசியப் பூங்காவில் புதிதாக அமைத்த காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கிருந்த கிணற்று நீரில் உப்பு மிகுதி. உப்புநீரைக் குடித்துத் தாகம் கூடி, தாகத்தால் மேலும் அதையே குடித்துப் பத்து விலங்குகள் நலிந்து இறந்தன. எஞ்சிய ஒன்றும் சிங்கத்தால் தாக்கப்பட்டு மாண்டது. ஒரு நீர்ப் பரிசோதனையின் விலை இதற்கு முன் எம்மாத்திரம்? ரிஃப்ட் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் அதிகம் என்பதால், பணியாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் கூரை மழைநீரைச் சேமிப்பதோ வடிகட்டும் கருவி பொருத்துவதோ அவசியம்.

நீர்க்குட்டைகளை நிறைய வெட்டினால் விலங்குகள் பெருகும் என்ற எண்ணமும் தவறு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் வறண்ட வடபகுதியில் செயற்கைக் குட்டைகள் அமைத்தபோது வரிக்குதிரைகள் அங்கே குவிந்தன, அவற்றின் பின்னே சிங்கங்கள் வந்தன, ஏற்கெனவே அரிதாக இருந்த ரோன் மான்கள் மிகக் கடுமையாகக் குறைந்துபோயின. பின்னர் பல குட்டைகளைப் பூங்காவே மூட வேண்டியதாயிற்று. விடுதி வராந்தாவிலிருந்து யானை பார்க்க ஒரு குட்டை போதும்.

விலங்குகளும் வேலியும்

திறந்த புல்வெளியில் விலங்குகளை வாங்கிவந்து விடத் தேவையில்லை. தொந்தரவு நின்று, புல் மீண்டால், அவை தாமாகவே வந்துவிடும். காண்டாமிருகம் மட்டும் விதிவிலக்கு: அது அரசின் அனுமதியோடும் ஓயாத ஆயுதக் காவலோடும்தான் வர முடியும். சம்புருவின் சேரா சமூகம் 2015இல் பத்துக் கறுப்புக் காண்டாமிருகங்களைப் பெற்று, கிழக்கு ஆப்பிரிக்காவில் சமூகமே நடத்தும் முதல் காண்டாமிருகக் காப்பகத்தைத் தொடங்கியது. அதற்கு முன் நெடுங்காலம் காவல் அமைப்பைக் கட்டியெழுப்பியிருந்தது. தாயை இழந்த குட்டிகளை வளர்ப்பதும் அப்படியே கனமான பொறுப்பு. சம்புருவின் நமுன்யாக் கன்சர்வன்சியில் 2016இல் தொடங்கிய ரெட்டெட்டி யானைக்குட்டிக் காப்பகம் சம்புரு மக்களுக்கே உரியது. பெருந்தொற்றுக் காலத்தில் பால்மாவு கிடைப்பது அரிதானபோது சுற்றுவட்டாரப் பெண்களிடம் ஆட்டுப்பால் வாங்கிக் குட்டிகளுக்குப் புகட்டத் தொடங்கினார்கள். குட்டிகளும் தேறின, பெண்களுக்கும் வருமானம் கிடைத்தது. உரிமமும் கால்நடை மருத்துவரும் இல்லாத விடுதி, விருந்தினர்கள் தொட்டுப் பார்க்கக் குட்டிகளை வைத்திருப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

வேலி கூடுமானவரை வேண்டாம். தவிர்க்க முடியாத இடத்தில் அதில் வாசல் விட வேண்டும். லைக்கிபியாவின் ஓல் பெஜெட்டா கன்சர்வன்சியில் மின்வேலியின் இடைவெளிகளில் முழங்கால் உயரக் கட்டைகளை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் கால் தூக்கிக் கடந்து போகின்றன. காண்டாமிருகத்தால் அது முடியாது என்பதால் காவல் உள்ள நிலத்திலேயே தங்கிவிடுகிறது. சோளக்கொல்லைகள் இருக்கும் எல்லையில், சாவோ அருகே சகல்லாவில் யானை ஆய்வாளர் லூசி கிங் பரப்பிய தேனீ வேலியை முயலலாம். பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்கூட்டுப் பெட்டிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார்கள். யானை கம்பியை உரசினால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும், யானை பின்வாங்கும். வறண்ட ஆண்டில் தேனீக்கள் கூட்டை விட்டுப் போய்விடக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

காவலர்களை அந்த நிலத்துக் குடும்பங்களிலிருந்தே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஊருக்கும் இடம் கிடைக்க வேண்டும். மான்யானியில் உள்ள வனவிலங்குத் துறையின் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி, நல்ல காலணி, கம்பியில்லாத் தொடர்புக் கருவி, காப்பீடு, தவறாத சம்பளம் ஆகியவை இல்லாமல் ஒருவரையும் இரவு ரோந்துக்கு அனுப்புவது அறமன்று.

விடுதி

ஆற்றங்கரை எல்லோரையும் இழுக்கும். 2024 மே மாதத் தொடக்கத்தில் டாலெக் ஆறு கரை புரண்டபோது மாராவில் பல முகாம்கள் மூழ்கி, பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. ஊர் முதியவர்களிடம், வெள்ளம் எந்த மரம் வரை வந்தது என்று கேட்டு, அதற்கும் மேலே மேட்டில் கட்டுங்கள். யானைத் தடத்தின் மீதும், விலங்குகள் நீருக்கு இறங்கும் வழியிலும் ஒரு கூடாரமும் இருக்கக் கூடாது.

எத்தனை கூடாரங்கள் என்பதை நிலமே தீர்மானிக்கட்டும். மாரா கன்சர்வன்சிகளில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்ற கட்டுப்பாட்டைச் சில முகாம்கள் பின்பற்றுகின்றன. ஒரு முகாமுக்குப் பன்னிரண்டு கூடாரங்களுக்கு மேல் வேண்டாம் என்பதும் நல்ல வரம்பு. ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள் நிற்கும் காட்சியைத் தவிர்க்கவே விருந்தினர் கூடுதல் விலை தந்து கன்சர்வன்சிக்கு வருகிறார்.

மரமேடையின் மீது நிற்கும் கித்தான் கூடாரம் சிறந்தது. குத்தகை முடிந்தால் தடமின்றிக் கழற்றிவிடலாம். நிலையான கட்டடம் என்றால், 1996இல் லைக்கிபியாவின் இல் ங்க்வேசி சமூகம் தன் சொந்த விடுதியைக் கட்டியது போல, உள்ளூர்க் கல்லும் காய்ந்து விழுந்த மரமும் புல் கூரையும் போதும். கடற்கரையிலிருந்து வரும் மக்கூட்டி என்னும் தென்னங்கீற்றுக் கூரை அழகானது, ஆனால் ஒரு தீப்பொறியில் முழுவதும் போய்விடும். சமையலறையை அதன் அருகே வைக்கக் கூடாது. மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகளும் மின்கலங்களும். குளிக்க, சூரிய வெப்பத்தில் சுட்ட நீரை 20 லிட்டர் வாளியில் நிரப்பிக் கூடாரத்தின் பின்னே கப்பியில் ஏற்றித் தருவது நெடுநாள் வழக்கம். விருந்தினர் அதை ரசிக்கிறார்கள், நீரும் பாதிக்கு மேல் மிச்சமாகிறது. காட்டு மரம் வெட்டிய கரியை வாங்காதீர்கள். குப்பை அறைக்கு இரும்புக் கம்பிக் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும்; பபூன் ஒருமுறை ருசி கண்டால் பிறகு கூடாரத்துக்குள் வரும், இறுதியில் சுடப்படுவது அந்தக் குரங்குதான். பிளாஸ்டிக் பைகளை 2017இலேயே தடை செய்த நாடு அது. 2020 ஜூன் முதல் காப்புப் பகுதிகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தடை உண்டு என்பதை விருந்தினருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள்.

இருட்டிய பின் எந்த விருந்தினரும் அஸ்காரி எனப்படும் இரவுக் காவலர் துணையின்றிக் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வழிகாட்டிகளுக்குத் தேசிய வழிகாட்டிகள் சங்கத்தின் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிநிலைத் தேர்வுகள் இருக்கின்றன. உள்ளூர் இளைஞர்களை, பெண்களையும் சேர்த்து, உங்கள் செலவில் அத்தேர்வுகளுக்கு அனுப்புங்கள். விமானம் இறங்க ஒரு மண் ஓடுபாதையும், நோயாளிகளை விமானத்தில் கொண்டுசெல்லும் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் ஒவ்வொரு விருந்தினருக்கும் பணியாளருக்கும் காப்பும் இருக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மழையால் பயணிகள் குறைவர். பழுதுபார்ப்பையும் பணியாளர் விடுப்பையும் அப்போது வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அதே தடங்களில், அதே மாதங்களில் விலங்குகளை எண்ணிப் பதிவு செய்து, வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து, உரிமையாளர்களின் பொதுக் கூட்டத்தில் மாசாய் மக்கள் பேசும் மா மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். குத்தகை முடிவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புதுப்பிப்புப் பேச்சைத் தொடங்கினால், நிலத்தை வேறெதற்காவது விட எண்ணும் குடும்பங்களின் மனக்குறை என்ன என்று கேட்கவும் அதைச் சரிசெய்யவும் அவகாசம் இருக்கும்.